வெல்டிங் படாத வண்டி

ஸ்கிப்டன்
4 மார்ச் 1996

டெஸ்மண்ட்,

நேற்று நீ தொலைபேசியைப் பட்டென்று வைத்தாய். போன ஞாயிறு நான் வைத்தேன். இனி எழுதிக்கொள்வோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

விஷயம் இது. கால்வாய்க் கரையில் ஒரு டீக்கடை குத்தகைக்கு வருகிறது. ஆறு மேசை, ஒரு பெரிய அடுப்பு, படகுக்காரர்கள் கட்டாயம் நிற்கும் இடம். வயது ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது, இன்னொருத்தர் கடையில் கேக் சுட்டது போதும். கடை உரிமையாளர் ஹார்க்ரீவ்ஸ் மூவாயிரம் பவுண்டு முன்பணம் கேட்கிறார். மே 31 வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு நாளும் கூட்டித் தர மாட்டார்.

நாம் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டைப் பிரித்தோம், தட்டு முட்டுச் சாமானைப் பிரித்தோம், பூனை தானாகவே முடிவு செய்துகொண்டது. மீதி இருப்பது உன் கராஜில் நிற்கும் 1959 மோரிஸ் மைனர். அதில் பாதி எனக்கு என்று வக்கீல் எழுதியிருக்கிறார். விற்றுவிடு. என் பாதி மூவாயிரத்துக்குக் குறையாமல் வந்தால் போதும்.

பெரில்


பெல்பர்
10 மார்ச்

பெரில்,

கடைக்கு வாழ்த்துகள். நீ சுடும் ஸ்கோன் காசுக்குப் போகும் என்று இருபது வருஷம் சொன்னேன். நான் ஏதோ குறை சொல்கிறேன் என்றுதான் நீ எடுத்துக்கொண்டாய்.

வண்டியை விற்கச் சம்மதம். முழு மனதோடு சொல்லவில்லை, ஆனாலும் சம்மதம். மூவாயிரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. எங்கள் மைனர் கார் கழகம் கொடுத்த மதிப்புச் சான்றிதழில் எட்டாயிரம் என்று இருக்கிறது. அடுத்த மாதப் பத்திரிகைக்கு அனுப்பிய விளம்பரம் இது:

'1959 மோரிஸ் மைனர், திறந்த கூரை, இளம்பச்சை. தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் தகடு. வெல்டிங் படாதது. கழகக் கோப்பை வென்றது. 8,000 பவுண்டு. பேரம் இல்லை.'

அடிப்பக்கம் முழுவதும் புதிதாகத் தார்ப்பூச்சு அடித்துவிட்டேன். கண்ணாடி போல இருக்கிறது.

டெஸ்


ஸ்கிப்டன்
14 மார்ச்

டெஸ்மண்ட்,

விளம்பரத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை உட்கார்ந்து படித்தேன்.

மூன்று குளிர்காலம் அந்த கராஜில் உனக்கு விளக்குப் பிடித்தவள் நான். தரைத் தகடு முழுவதும் துருப்பிடித்து, உள்ளே உட்கார்ந்து பார்த்தால் கராஜின் சிமெண்டுத் தரை தெரிந்தது. பனிக்குச் சாலையில் கொட்டும் உப்பு தின்ற கதவடித் தகடுகள் இரண்டையும் நீ வெட்டி எடுத்தபோது தவிடு போலக் கொட்டின. பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், சக்கர வளைவு நான்கு, பின்னால் சாமான் பெட்டியின் தரை, எல்லாம் புதுத் தகடு, எல்லாம் உன் வெல்டிங். அந்த வண்டியில் வெல்டிங் படாத இடம் கூரை ஒன்றுதான். அது துணி.

உண்மையை எழுது. வேலை நல்ல வேலை. அதை ஏன் ஒளிக்கிறாய் என்று எனக்கு அன்றும் புரியவில்லை.

பெரில்


பெல்பர்
2 ஏப்ரல்

பெரில்,

ஏன் ஒளிக்கிறேன் என்று கேட்டாய். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கேள்.

1991 கழகக் கண்காட்சியில் நார்மன் பிளெட்சர் நடுவர். இப்போது மதிப்புச் சான்றிதழ் எழுதுபவரும் அவர்தான். வண்டியைச் சுற்றி வந்து, "தகடு அசலா, டெஸ்?" என்று கேட்டார். சுற்றி முப்பது பேர். "தொழிற்சாலையில இருந்து வந்தபடியே இருக்கு" என்று என் வாயில் வந்துவிட்டது. சாயந்திரம் அசல் வண்டிகளுக்கான கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். கொடுத்த கோப்பையைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் என்னையே நடுவராகப் போட்டார்கள். அப்புறம் சான்றிதழ். இப்படியே போய்விட்டது.

தவிர, இந்தச் சந்தையில் துரு என்ற சொல்லைக் கேட்டாலே விலை இறங்கும். சரிசெய்த துரு என்றாலும் இறங்கும். அது என் கற்பனை இல்லை.

இதுவரை நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் இருக்கையில் உட்கார்ந்து, ஹாரன் அடித்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நான்காவது, பக்ஸ்டனிலிருந்து மிஸஸ் இனிட் விட்டேக்கர். ஓய்வுபெற்ற மருத்துவச்சி. இரண்டு மைனர்களை முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். கைப்பையிலிருந்து ஒரு குழந்தைக் காலுறையை எடுத்தார். அதற்குள் காந்தம். பெயிண்டில் கீறல் விழாமல் இருக்கவாம். சக்கர வளைவு, கதவடி, மூலை என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். பட்டி போட்டுப் பூசியிருந்தால் காந்தம் நழுவும். எங்கேயும் நழுவவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்தார். அறுபத்தெட்டு வயது. பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "புதுத் தார்ப்பூச்சைப் பார்த்தா எனக்குச் சந்தேகம் வரும், மிஸ்டர் ஹோல்ராய்ட். முப்பத்தேழு வருஷம் இந்த ஊர் மழையில ஓடின வண்டி. துரு வராம இருந்திருக்காது. யாரோ சரி பண்ணியிருக்காங்க. யாருன்னு சொல்லுங்க, எப்படின்னு காட்டுங்க."

நான் விளம்பரத்தில் இருப்பதையே சொன்னேன்.

"அப்ப நான் கணக்கு சொல்றேன்" என்றார். "துருவே பிடிக்காத வண்டி எட்டாயிரம். அப்படி ஒண்ண நான் கண்ணால பார்த்ததில்ல. துருவ வெட்டி எடுத்து ஒழுங்கா வெல்டு பண்ணினதுன்னு காட்ட முடிஞ்சா ஆறாயிரத்துக்கு மேல. காட்ட முடியலன்னா நாலாயிரம். நடுவுல நிக்கிற ரெண்டாயிரம் தகடுக்கு இல்ல. ராத்திரி நான் நிம்மதியா தூங்கறதுக்கு."

நாலாயிரம் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் பாதி இரண்டாயிரம். உன் கடைக்குப் போதாது. எனக்குத் தெரியும்.

டெஸ்


ஸ்கிப்டன்
9 ஏப்ரல்

டெஸ்மண்ட்,

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. உள்ளே இருப்பது நான் எடுத்த புகைப்பட ஆல்பம். பிரிந்து வந்தபோது இதைத் தூக்கிக்கொண்டு வந்தது வீம்புக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். துரு, வெட்டியது, புதுத் தகடு, வெல்டிங், பெயிண்ட், எல்லாம் தேதி போட்டு இருக்கிறது. ஐம்பத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் எண் போட்டிருக்கிறேன்.

மிஸஸ் விட்டேக்கரைத் திரும்பக் கூப்பிடு. அவர் மாதிரி ஆளிடம்தான் கேக்கை வெட்டி உள்ளே காட்ட வேண்டும்.

முப்பத்தொன்றாம் பக்கத்தை நீ கிழிக்க நினைப்பாய். கிழிக்காதே.

ஹார்க்ரீவ்ஸ் நேற்று ஒரு தம்பதியைக் கூட்டிவந்து கடையைக் காட்டினார். "சும்மா பார்க்கத்தான் வந்தாங்க" என்றார். அந்த அம்மாள் அடுப்பை அளந்துகொண்டிருந்தாள்.

பெரில்


பெல்பர்
21 ஏப்ரல்

பெரில்,

நான் கிழிக்கவில்லை. கழற்றினேன். ஆல்பம் வளையம் போட்டது, கழற்றுவது சுலபம்.

நீயே சொல். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் யார் அந்த வண்டியை வாங்குவார்? திறந்த கூரை வண்டியில் கதவடித் தகடுதான் முதுகெலும்பு. கதவு இடைவெளியில் முட்டுக் கம்பி வைத்துக் கட்டாமல் இரண்டு பக்கமும் ஒரேயடியாக வெட்டக் கூடாது என்று இன்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1989 பிப்ரவரியில் யாராவது சொல்லியிருக்கலாம். வெட்டினேன், நடுவில் அரை அங்குலம் தொய்ந்தது, தொய்ந்தபடியே புதுத் தகட்டை வெல்டு செய்தேன். உள்ளே உட்கார்ந்து கதவை இழுத்தேன், சிக்கிக்கொண்டது. மேலே ஏறிக் குதிக்கப் போய் உள்ளேயே தலைகீழாக விழுந்தேன். அந்தப் படத்தில் தெரிவது கதவுக்கு மேலே என் இரண்டு கால்கள் மட்டும். நீ உதவிக்கு வராமல் கேமராவை எடுக்கப் போனாய்.

நேற்று மிஸஸ் விட்டேக்கர் வந்தார். விளம்பரத்தில் எழுதியது பொய் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். "தெரியும். காட்டுங்க" என்றார். பேக்வெல் புட்டிங் வாங்கி வைத்திருந்தேன், சாப்பிட்டுக்கொண்டே பக்கம் பக்கமாகப் பார்த்தார். தரைத் தகடு வந்தபோது கரண்டியைக் கீழே வைத்தார். "அழகா பண்ணியிருக்கீங்க" என்றார். முப்பதாம் பக்கம் வந்தது, திருப்பினார், பழையபடி முப்பதுக்கே போனார்.

"முப்பதுல முட்டு இல்ல. முப்பத்திரண்டுல முட்டு இருக்கு. முப்பத்தொண்ணுல என்ன ஆச்சு?"

காபி கொட்டிவிட்டது என்றேன். இடது காதை இழுத்துக்கொண்டு சொல்லியிருப்பேன், நீதான் கண்டுபிடித்த பழக்கம் அது. அவர் ஆல்பத்தை மூடினார். "ஒரு பக்கத்த எடுத்தவரு இன்னும் எத்தனை பக்கம் எடுத்தாரோன்னு நான் யோசிக்கணும்" என்றார். புட்டிங்குக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதைத் தபாலில் போடுமுன் இன்று மதியம் இன்னொன்று நடந்தது. மான்செஸ்டரிலிருந்து ஒரு பழைய கார் வியாபாரி வந்தான். சான்றிதழைப் பார்த்தான், கோப்பையைப் பார்த்தான், வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை. ஏழாயிரத்து முந்நூறு. அடுத்த சனிக்கிழமை பணத்தோடு வருகிறான். உன் பங்கு மூவாயிரத்து அறுநூற்றைம்பது.

வெல்டிங்கைப் பற்றி நான் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. நீ என்ன சொல்கிறாய்?

டெஸ்


ஸ்கிப்டன்
24 ஏப்ரல்

டெஸ்மண்ட்,

உடனே 'வேண்டாம்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. ஒரு நாள் முழுக்க அந்த அறுநூற்றைம்பதில் என்னென்ன வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாவு பிசையும் இயந்திரம் ஒன்று பழையதாகக் கிடைக்கிறது. உனக்குப் பாடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஹார்க்ரீவ்ஸைக் கெஞ்சிப் பார்த்தேன். ஜூன் முதல் தேதி என்றால் அந்தத் தம்பதிக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இனி நீயே முடிவு செய். எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வியாபாரி அதை எட்டரை ஆயிரத்துக்கு யாரோ ஒருவருக்கு விற்பான். ஒரு நாள் அந்த ஆள் தார்ப்பூச்சைச் சுரண்டிப் பார்ப்பார். உன் வெல்டிங்கைப் பார்த்து 'ஏமாத்திட்டான்' என்று சொல்வார். மூன்று குளிர்காலம் கை விறைத்துச் செய்த வேலைக்கு அந்தப் பேர் வர வேண்டுமா?

அந்தக் கால்கள் படம் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் கல்யாணப் படத்தைவிட நீ அதில் இயல்பாக இருக்கிறாய்.

பெரில்


பெல்பர்
8 மே

பெரில்,

பொறுமையாகப் படி. நிறைய நடந்துவிட்டது.

27ஆம் தேதி வியாபாரி வந்தான். நோட்டுகளை மேசையில் அடுக்கிவிட்டு ஒரு தாளை நீட்டினான். 'இவ்வண்டியில் எப்போதும் வெல்டிங் செய்யப்படவில்லை' என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே என் பெயர், கோடு போட்ட இடம். ஐந்து வருஷமாக வாயால் சொன்னதுதான். பேனாவைத் திறந்தேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது என்று சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும், ஆனால் இருந்தது. பேனாவை மூடினேன்.

"வெல்டிங் இருக்கு" என்றேன்.

"எவ்வளவு?"

"கூரையத் தவிர மத்ததெல்லாம்."

நோட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "அதை இப்ப எதுக்குச் சொல்றீங்க? நான் கேட்கவே இல்லையே" என்றான். அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்.

அவன் போனதும் முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்துக்கொண்டு மைனரிலேயே பக்ஸ்டன் போனேன். மிஸஸ் விட்டேக்கர் தோட்டத்தில் ருபார்ப் தண்டு வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தை நீட்டினேன். மண் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். முதலில் முறைத்தார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது வருஷம் பிரசவம் பார்த்தேன்" என்றார். "இப்படிக் கால் முதல்ல வந்தது கொஞ்சம்தான்."

சிரித்து முடித்தபின் எட்டுக் கதவிடைவெளிகளையும் விரலால் அளந்தார். கதவுக்கு முன்னும் பின்னும், மேலே, கீழே, இரண்டு பக்கமும். எல்லாம் சமம். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: தொய்ந்ததை உணர்ந்ததும் புதுத் தகடு இரண்டையும் அறுத்து எறிந்தது, முட்டுக் கொடுத்து அரை அங்குலம் தூக்கியது, இன்னொரு ஜோடித் தகடு வாங்கப் பணம் இல்லாமல் உன் சகோதரியிடம் கடன் வாங்கியது. "இந்தப் பக்கத்தத்தான் தேடினேன்" என்றார். "தப்பே பண்ணாத வெல்டரை நான் நம்பறதில்ல. வெட்டி எறிஞ்சுட்டு திரும்பப் பண்ணினவர நம்புவேன்."

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். காப்பீட்டுக்குக் கழகச் சான்றிதழ் வேண்டும். பொய்ச் சான்றிதழோடு அவர் வாங்க மாட்டார். "உங்க கழகத்துல உண்மையச் சொல்லி, புதுசா எழுதி வாங்கிட்டு வாங்க. அதுல என்ன போட்டிருக்கோ அதைக் குடுத்துடறேன், ஒரு பவுண்டு குறைக்க மாட்டேன்."

நேற்றுக் கழகக் கூட்டம், வழக்கம்போல் பப்பின் பின்னறையில். இருபத்திரண்டு பேர். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும். நார்மன் தன் பியரை முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"தெரியும், டெஸ். அன்னிக்கே தெரியும். முன் சக்கரத்துக்குப் பின்னால வெல்டிங் கோடு பார்த்தேன்."

அப்புறம் ஏன் கோப்பை கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் என் வண்டிய அதே பிரிவுல போடலாம்னு இருந்தேன்" என்றார். "கோப்பை வாங்கினவர்தான் அடுத்த நடுவர், அப்ப நீதான்."

அவர் வண்டிக்கு அந்த வருஷம் நான் முதல் பரிசு கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். எனக்கு வெல்டிங் கோடு எதுவும் தெரியவில்லை. அவர் பூசி மறைத்தது அவ்வளவு நன்றாக இருந்தது. அதற்குப் பின் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். பொருளாளர் வண்டியின் முன் சக்கர வளைவில் பாதி பட்டிதான். செயலாளர் வண்டியின் தரைத் தகடு ஒரு பழைய சலவை இயந்திரத்தின் பக்கத் தகடு. ஒன்பது மணிக்குள் கழகத்தில் அசல் வண்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தப் பிரிவையே எடுத்துவிட்டு, 'நல்ல சீரமைப்பு' என்று ஒரு பிரிவு வைக்கத் தீர்மானம். நார்மனும் நானும் இரண்டு வருஷம் நடுவராக உட்காரக் கூடாது என்று இன்னொரு தீர்மானம். அது கொஞ்சம் வலித்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

இன்று காலை நார்மன் வந்து, தார்ப்பூச்சை நான்கு இடத்தில் சுரண்டி, விளக்கோடு ஒரு மணி நேரம் அடியில் கிடந்தார். வெளியே வந்து எழுதிக் கொடுத்தார்: 'கீழ்த் தகடு முழுவதும் மாற்றப்பட்டது. படங்கள் உள்ளன. வேலை முதல் தரம். 6,200 பவுண்டு.'

எட்டாயிரத்திலிருந்து ஆயிரத்து எண்ணூறு போயிற்று. வியாபாரி கொடுத்ததிலிருந்து ஆயிரத்து நூறு. மிஸஸ் விட்டேக்கர் ஞாயிற்றுக்கிழமை காசோலையோடு வருகிறார். உன் பங்கு மூவாயிரத்து நூறு, அடுத்த வாரம் வரும். மாவு இயந்திரம் இதில் வராது. மன்னித்துக்கொள்.

டெஸ்


ஸ்கிப்டன்
1 ஜூன்

டெஸ்,

நேற்று மாலை நான்கு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். சாவி என் ஏப்ரன் பையில் இருக்கிறது. காலையிலிருந்து நான்கு முறை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கையெழுத்துக்கு முன் ஹார்க்ரீவ்ஸ் கடையைக் கடைசியாக ஒரு சுற்றுக் காட்டினார். சமையலறையின் பின்சுவரில் மட்டும் புது வெள்ளைப் பூச்சு. மற்ற மூன்று சுவரும் புகை படிந்து பழுப்பாக இருக்க, அது ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது. மார்ச்சில் நான் பார்த்தபோது அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நேற்று எனக்கு மிஸஸ் விட்டேக்கர் ஞாபகம் வந்தது.

"இதுக்கு அடியில என்ன, மிஸ்டர் ஹார்க்ரீவ்ஸ்?" என்றேன்.

ஒன்றுமில்லை என்றார். நான் பேனாவைத் திறக்கவில்லை, நகரவும் இல்லை. அப்புறம் சொன்னார். கால்வாய் ஈரம். இடுப்பளவு ஏறுகிறது. போன அக்டோபரில் சுரண்டிப் பார்த்து, பயந்து, பூசி மறைத்திருக்கிறார். சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தாராம். பாவம், சொல்லி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அப்படியும் எடுத்தேன். ஈரம் இருக்கிறது என்று குத்தகையிலேயே எழுத வைத்தேன். செப்டம்பருக்குள் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும், அதுவரை வாரத்துக்கு ஐந்து பவுண்டு வாடகைக் குறைவு. அந்தத் தம்பதி சுவரைப் பற்றிக் கேட்கவே இல்லையாம், அடுப்பை மட்டும்தான் அளந்தார்களாம்.

அடுத்த சனிக்கிழமை திறக்கிறேன். வா. முதல் நாள் எல்லா மேசையும் நிரம்பிவிடும் என்று ஆசைப்படுகிறேன். அதனால் உனக்குச் சமையலறையில்தான் இடம், ஈரச் சுவருக்குப் பக்கத்தில். ஸ்கோன் இலவசம். டீக்குக் காசு.

பெரில்